பதினைந்தாவது ஆள்

முன்னொரு காலத்தில் தாழையூர் நாட்டைச் சிங்கமராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் அவன் மனசில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். சாயங்காலத்துக்குள் அதற்காக யாராவது உதை வாங்கியிருப்பார்கள். அவன் சொல்வதையெல்லாம் ஓலையில் எழுதும் வேலை ஆதிச்சனுடையது. ராஜா வாயைத் திறந்தாலே ஆதிச்சனின் கை எழுத்தாணியைத் தேடும்.

கோட்டைக்குப் புதுவாசல் திறந்த அன்று ராஜா சபையில் சொன்னான்: "இன்று இந்த வாசலில் நுழைகிற ஒவ்வொரு மூன்றாவது ஆளுக்கும் ஒரு தேங்காய். ஒவ்வொரு ஐந்தாவது ஆளுக்கும் ஒரு பட்டு. இரண்டு கணக்கிலும் சேருகிறவனுக்கு இரண்டும். இரண்டிலும் சேராதவனுக்கு வெறும் கும்பிடு. கொடுக்கப்போவது யார் தெரியுமா? நம்ம பூதன்!"

சபை கொல்லென்று சிரித்தது. பூதன் மலைநாட்டுக் காவல்காரன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். "நான் வரும்வரை இங்கேயே நில்" என்று சொல்லிவிட்டு ராஜா மறந்துபோக, மூன்று நாள் மழையில் நின்றவன். ஓலைக்கட்டைக் கொடுத்தால் மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படிப்பான். எது முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்வான், கட்டை மூடிவிடுவான். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே மாட்டான்.

பிரதானி மழவராயர் எழுந்தார். தன் மருமகனை ஓலை எழுதும் இடத்தில் உட்காரவைக்க மூன்று வருஷமாகத் தவம் கிடப்பவர். "மகாராஜா, வழக்கம் வழுவக்கூடாது. ராஜவாக்கில் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாக்கியத்துக்கு ஓர் ஓலை. சொன்ன வரிசையிலேயே எழுதி எண்ணிட வேண்டும். அப்புறமும் பூதன் தவறினால் அது எழுதினவன் குற்றம்தானே?"

"ஆமாம்!" என்று ராஜா தொடையைத் தட்டினான். "ஒரே ஆளுக்குத் தவறினாலும் ஆதிச்சனின் கட்டைவிரலை வாங்கிவிடுகிறேன்!"

கட்டைவிரல் போனால் எழுத்தாணி ஏது, சோறு ஏது? ஆதிச்சன் எழுத உட்கார்ந்தான். ஒன்றாம் ஓலை, தேங்காய். இரண்டாம் ஓலை, பட்டு. மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

பூதன் ஆளுக்கொரு கூழாங்கல் போடுவான். மொத்தத்தையும் மூன்று மூன்றாகப் பிரித்து, மிச்சம் விழாவிட்டால் தேங்காய். ஐந்து ஐந்தாகப் பிரித்து மிச்சம் விழாவிட்டால் பட்டு. பதினைந்தாவது ஆள் வரும்போது? பதினைந்து கல்லும் மூன்று மூன்றாகச் சரியாகப் பிரியும். தேங்காயைக் கொடுத்துவிட்டுக் கட்டை மூடுவான். 'இரண்டும்' என்கிற ஓலை அவன் கண்ணில் ஒருநாளும் படாது.

"என்ன ஓய், இப்படி வியர்க்கிறது?" மழவராயர் குனிந்து பார்த்தார். "விரலையும் சேர்த்துத் துடைத்துக்கொள்ளும். போகிறபோது சுத்தமாய்ப் போகட்டும்."

நாலு ஓலையும் முடிந்தது. கயிற்றை எடுக்கும்போதுதான் ஆதிச்சனுக்குச் சுருக்கென்றது. எழுதும் வரிசைக்கு வழக்கம் உண்டு. கோக்கும் வரிசைக்கு? யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! நான்காம் ஓலையை மேலே வைத்தான். அடுத்து மூன்று, இரண்டு, ஒன்று. கோத்த பிறகு இன்னொரு பயம். கும்பிடு ஓலை முதலில் இருக்கிறதே, எல்லோருக்குமே கும்பிடு போட்டுவிட்டால்? மறுபடி படித்தான். 'இரண்டிலும் சேராதவனுக்கு.' அப்பாடா. 'எவன் வந்தாலும்' என்று ராஜா சொல்லியிருந்தால் விரல் போயே போயிருக்கும்.

வாசல் திறந்தது. முதலில் எண்ணெய்க்காரி, கும்பிடு. அவள் பின்னால் வந்த குயவனுக்கும் கும்பிடு. மூன்றாவது ஆளுக்குப் பூதன் நாலு ஓலையையும் புரட்டித் தேங்காயை நீட்டினான். ஐந்தாவதுக்குப் பட்டு. ஆறு, ஒன்பது, பத்து... ஒவ்வொரு தடவை கல் பிரியும்போதும் ஆதிச்சன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

பன்னிரண்டாவது ஆள் நுழைந்ததும் மழவராயர் மெதுவாக எழுந்தார். பக்கவாசலால் வெளியே போய், இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் செருகிக்கொண்டார்.

பதினைந்தாவது ஆளாக மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். பூதன் கல்லைப் பிரித்தான். முதல் ஓலை பொருந்தவில்லை. அடுத்ததைப் புரட்டினான். பூதன் ஒரு கையில் தேங்காய், ஒரு கையில் பட்டு எடுத்து நீட்டினான்.

"மோசடி!" என்று கத்தினார் மழவராயர். "ஓலை தலைகீழாகக் கோத்திருக்கிறது!"

"மகாராஜா," என்று ஆதிச்சன் முன்னால் வந்தான், "எழுத்தும் எண்ணும் தாங்கள் சொன்ன வரிசைதான். கோப்பதற்கு வழக்கம் எதுவும் இல்லை. நேராகக் கோத்திருந்தால் தங்கள் வாக்கு பொய்த்திருக்கும்."

"என் வாக்கா? பொய்க்குமா? பார்த்துவிடுகிறேன்!" ராஜாவே கயிற்றை அவிழ்த்து ஒன்று, இரண்டு என்று நேராகக் கோத்தான். மழவராயர் நின்ற இடத்தில் போய் நின்றான். பூதன் அதே பதினைந்து கல்லை மூன்று மூன்றாகப் பிரித்தான், தேங்காயைக் கொடுத்தான், கட்டை மூடினான்.

"டேய், என் பட்டு எங்கேடா?"

"அவ்வளவுதான் சாமி. நகருங்க, அடுத்த ஆள் வரணும்."

ஜனங்கள் சிரிப்பை அடக்கத் தலைகுனிந்தார்கள். ராஜா தேங்காயும் கையுமாகத் திரும்பினான். "மழவராயரே, இத்தனை பேர் வருகிற இடத்தில் பதினைந்தாவது ஆளாக வந்து நின்றீரே, தற்செயலாகவா?"

மழவராயர் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தார்.

"என் வாக்கு எங்கே இடறும் என்று உமக்கு முன்னாலேயே தெரியும். சபையில் சொல்லவில்லை. ஊர் பார்க்க அது இடறட்டும் என்று வந்து நின்றீர். போம்! வாசல் மூடும்வரை பூதனுக்குக் கல் பொறுக்கிக் கொடும். அந்தப் பட்டு தோளிலேயே இருக்கட்டும்."

பிறகு ஆதிச்சனைப் பார்த்தான். "உனக்கு என்னடா வேண்டும்?"

"இனிமேல் ஆணையை எழுதுவதற்கு முன்னால் தங்களிடம் ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும், மகாராஜா. வேறொன்றும் வேண்டாம்."

"தந்தேன்! எழுதிக்கொள். அடுத்த வருஷம் ஒவ்வொரு ஏழாவது ஆளுக்கும் ஒரு பானை வெல்லமும் உண்டு!"

ஆதிச்சன் எழுத்தாணியை எடுத்தான். எழுதுவதற்கு முன் வாயைத் திறந்தான். "மகாராஜா, ஒரு கேள்வி. நூற்று ஐந்தாவது ஆளுக்கு மூன்றும் உண்டா?"

ராஜா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். தாழையூரில் ஒரு ராஜா ஆணை போடுவதற்கு முன்னால் எண்ணிப்பார்த்தது அதுதான் முதல் தடவையாம்.