பகையாளியின் சட்டை

அந்தக் காலத்தில், பாம்பும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட காலத்தில், கண்மாய்க்கரை இலுப்பை மரம் யாருக்கு என்று இரண்டு கூட்டமும் சண்டையில் கிடந்தன. பாம்புகள் ஏறிவரும், இரட்டைவால் கரிச்சான் தலைமையில் பறவைகள் கொத்தி விரட்டும். மரப்பொந்தில் மைனாவுக்கு இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். அவளும் கொத்துவாள், ஆனால் பொந்தை விட்டு எட்டிப் போகமாட்டாள்.

வலுவால் ஆகாது என்று கிழட்டுச் சாரைக்குப் புரிந்தது. அதுவரை பாம்புகள் புற்றுக்குள் மறைவாகத்தான் தோலுரிக்கும்; அப்படியொரு வழக்கம் இருப்பதே பறவைகளுக்குத் தெரியாது. சாரை சொன்னபடி எல்லாப் பாம்புகளும் அக்கரை முட்செடிகளில் உரசிச் சட்டையை உரித்து, அங்கேயே தொங்கவிட்டன. பிறகு கோரைக்குள் ஒளிந்து மரத்தடிக்கு வந்துவிட்டன.

விடிந்ததும் ஆடிக்காற்றில் அத்தனை சட்டையும் நெளிந்தது.

"மொத்தப் படையும் அங்கதான் நிக்குது. எல்லாரும் வாங்க, இன்னையோட முடிச்சிருவோம்," என்றது கரிச்சான்.

"அண்ணே, ஒண்ணுகூட நாக்கை நீட்டலையே," என்றாள் மைனா. "எல்லாரும் போயிட்டா பிள்ளைகளை யாரு பாக்குறது?"

"பகையாளி பூரா அங்க இருக்கான், இங்க எவன் வருவான்? பயமா இருந்தா பயம்னு சொல்லு தங்கச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் போனாள். பாழாய்ப்போன ரோஷம்.

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்பார்கள். அன்றைக்கு அந்தப் படை கொஞ்சம் நடுங்கித் தொலைத்திருக்கலாம். பாய்ந்து கொத்தியவர்களின் அலகில் வெறும் சட்டைதான் வந்தது. மைனா அலகில் கிழிந்து வந்ததைத் துப்பவும் மறந்து திரும்பிப் பறந்தாள்.

பொந்தில் சூடு மட்டும் மிச்சமிருந்தது. கீழ்க்கிளையில் சாரை வயிறு புடைத்து, அசைய முடியாமல் கிடந்தது.

"பொய் சொல்லி என் பிள்ளைகளைத் தின்னுட்டியே," என்று அழுதாள்.

"நாங்க என்ன பொய் சொன்னோம் தாயி? சட்டையைத் தொங்கவிட்டோம். அதைப் பாம்புன்னு சொன்னது உங்க அண்ணன்."

எந்தக் கூட்டிலும் குஞ்சு மிஞ்சவில்லை. பறவைகள் ஒவ்வொன்றாக மரத்தை விட்டுப் போயின. மைனா போகவில்லை. தான் கொண்டுவந்த சட்டையைப் பொந்துக்குள் விரித்து, அடுத்த முட்டைகளை அதன்மேல் இட்டாள். சாரை மறுபடியும் ஏறிவந்து தலையை நீட்டியது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. உள்ளேயிருந்து பாம்பு வாடை அடித்தது.

"நம்ம ஆளு எவனோ முந்திக்கிட்டான்," என்று சாரை இறங்கிப் போனது. ஏமாற்றத் தெரிந்தவனுக்கு ஏமாறத் தெரியாதா என்ன?

அன்று முதல்தான் மைனா, பாம்பு உரித்த சட்டையைத் தேடி எடுத்து வந்து கூட்டில் விரிக்கிறது. பிள்ளைகளைத் தின்றவனின் சட்டையில்தான் அடுத்த பிள்ளைகளைத் தூங்கவைக்கிறது.