மூக்கு வழியே போன பொன்

பொன் தூசியைச் சுவாசிப்பவருக்கு ஆயுள் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். தங்க பஸ்பம் விற்பவர்கள் கிளப்பிவிட்டதாக இருக்கலாம். எப்படியானாலும் கதைக்குள் போகுமுன் இதைத் திருத்துவது என் கடமை. ஆயுள் கூடாது. நகைப் பட்டறையில் பறப்பது அராவிய பொன் மட்டுமல்ல. உமிக்கரி, சாம்பல், செங்கல் பொடி, மெருகேற்றும் மணல் எல்லாம் கலந்தது. அதில் எது பொன், எது மண் என்று நுரையீரல் உரசிப் பார்ப்பதில்லை.

முன்னொரு காலத்தில் கொடுங்கானம் என்ற நாட்டை வச்சிரபாகன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். கெட்டவன் அல்ல. காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம்; சாப்பிட்டபின் பெரும்பாலும் நல்ல மனம். பொன் விஷயத்தில் மட்டும் எப்போதும் ஒரே மனம்.

அவனுடைய பொக்கிஷதார் ஆளவந்தார். பொன் துகள் வெளியே பறந்துவிடும் என்று அரண்மனைப் பட்டறையின் சன்னல்களைக் களிமண் பூசி அடைத்தவர் அவர்தான். உள்ளே தூசி பனிமூட்டம் போல நின்றது. வேலை செய்தவர்கள் இருமினார்கள். அதிகம் இருமியவர் குற்றால ஆசாரி. அவர் கை படாத நகை ராணியிடம் இல்லை.

ஆளவந்தார் அந்த இருமலிலும் களவைக் கண்டுபிடித்தார்.

“மன்னா, ஆசாரி இருமினால் தட்டிலுள்ள பொன்தூள் நாலு பக்கமும் பறக்கிறது.”

“வேண்டுமென்றே இருமுகிறானா?”

“காரணமில்லாமல் ஒருவன் இவ்வளவு உழைப்பானா, மன்னா?”

“நாளையே நாட்டைவிட்டு அனுப்பும்.”

களவுப் பட்டத்தோடு போகிற ஆசாரிக்கு எந்த ஊரிலும் ஒரு மூக்குத்திகூடச் செய்யக் கொடுக்கமாட்டார்கள். குற்றால ஆசாரி அமைச்சர் வெண்காடரின் வாசலில் போய் நின்றார்.

“அடக்கித்தான் பாக்கறேங்கய்யா. அடக்க அடக்க இன்னும் வருது. இந்த வயசுல திருடன்னு பேரு வாங்கிட்டுப் போகணுமா?”

“நாளைக்குச் சபைக்கு வாரும். உம்மைப் பற்றிக் கொஞ்சம் கேவலமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளும். இருமல் வந்தால் தாராளமாக இருமும்.”

மறுநாள் சபையில் வெண்காடர் எழுந்தார்.

“மன்னா, பொக்கிஷதார் இளகிய மனசுக்காரர். சின்னக் களவைச் சொல்லிவிட்டுப் பெரிய களவை விட்டுவிட்டார்.”

ஆளவந்தார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “எந்தக் களவு?” என்றான் மன்னன்.

“இருமினால் பறக்கும் பொன் பட்டறைத் தரையில்தான் விழும், பெருக்கி எடுக்கலாம். மூச்சை இழுத்தால் உள்ளே போகிற பொன்? அது மாலையில் ஆளோடு வீட்டுக்குப் போகிறது. சன்னலை அடைத்தவர், முகத்துக்கு இரண்டாகத் திறந்து கிடக்கும் வாசல்களுக்குக் காவல் போட்டாரா?”

மன்னன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான்.

“மூக்கை அடைத்தால் ஆள் செத்துப்போவான், அமைச்சரே,” என்று ஆளவந்தார் சிரித்தார்.

“அடைக்க வேண்டாம், வடிகட்டுவோம். மூக்கின் மேல் ஈரத்துணி. சன்னல்களைத் திறந்து, அங்கேயும் ஈரத்திரை. தூசி துணியில் தங்கும். துணியை எரித்துச் சாம்பலை அலசினால் பொன் வரும்.”

“கந்தலில் பொன் விளைகிறதாம். விளையட்டும், பிறகு நீர் சொல்லும் காவலை நானே பார்க்கிறேன்,” என்றார் ஆளவந்தார்.

“சபை கேட்டுக்கொண்டது,” என்றார் வெண்காடர். ஆசாரியின் தோளில் கிடந்த துண்டை வாங்கினார். வருஷக்கணக்காக முகம் துடைத்து, வாய் பொத்தி இருமிய துண்டு. அதைச் சபையிலேயே எரித்தார்கள். ஆசாரியே சாம்பலைச் சட்டியில் இட்டு, தண்ணீர் விட்டு, ஆட்டி ஆட்டி வடித்தார். கடைசியில் சட்டியின் அடியில் கடுகைவிடச் சிறிதாக மஞ்சள் மினுங்கியது.

மன்னன் எழுந்துவிட்டான். “துண்டிலேயே இது என்றால், இவன் நெஞ்சுக்குள் எவ்வளவு இருக்கும்?”

வாள்வீரன் ஒருவன் ஓர் அடி முன்னே வந்தான். ஆசாரி இருமினார். இந்த முறை யாரும் அதைக் களவு என்று முகம் சுளிக்கவில்லை.

“ஏராளமாக இருக்கும், மன்னா,” என்றார் வெண்காடர். “அதைத்தான் நாளை எல்லைக்கு அப்பால் அனுப்ப இருந்தோம்.”

“அறுத்து எடுத்தால்?”

“இரத்தத்தில் கலந்தது இரத்தத்தோடு மண்ணில் போய்விடும். ஆள் மூச்சுவிடும் வரைதான் அது பத்திரம். இவர் இனி ஆசாரி மட்டுமல்ல, அரசின் கருவூலம். கருவூலத்தைப் பட்டினி போடுவோமா? புழுக்கத்தில் வைப்போமா? பாலும் தேனும் கொடுத்து, வைத்தியரைக் காட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காப்பதுதான் முறை.”

மன்னன் மறுபடி அரியணையில் உட்கார்ந்தான். அவனுக்கு விஷயம் புரிந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உதட்டோரம் அசைந்தது என்பதில் இல்லை.

“கருவூலம் யார் பொறுப்பு?” என்று கேட்டான்.

“பொக்கிஷதார் பொறுப்பு, மன்னா. வாக்கும் கொடுத்திருக்கிறார்.”

சபை சிரித்து அடங்க நேரமாயிற்று. மன்னன் தன் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்குக் கொடுத்தான். அன்றே சன்னல்களின் களிமண்ணைக் கொத்தி எடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு துணி கொடுத்தார்கள். நாள் போகப் போகப் பட்டறையில் சுத்தியல் சத்தம் இருமல் கலக்காமல் தனியாகக் கேட்கத் தொடங்கியது. ஆசாரிக்கும் இருமல் கொஞ்சம் தணிந்தது.

ஐப்பசியில் ஆசாரி தம் மகள் வீட்டுக்குப் போய்வர விடுப்புக் கேட்டார். பொக்கிஷதார் உடன் வராமல் கருவூலப் பொருள் எதுவும் அரண்மனையைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். மழை தூறிக்கொண்டிருந்ததால் ஆளவந்தார் குடை பிடித்துப் பின்னால் நடந்தார்.

மகள் வீட்டில் அவருக்கும் ஓர் இலை போட்டார்கள்.