மணி எட்டும் தூரம்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கோமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், காலையில் சொன்னதை மத்தியானம் மறந்துவிடுவான், அவ்வளவுதான் குறை. அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. கோவில் மணி காதில் விழுகிற தூரம் வரை ஊர். ஊருக்குள் யாரும் உலோகம் உருக்கும் உலை மூட்டக்கூடாது.

ஊருக்கு வெளியே தாண்டவன் என்ற பித்தளை வார்க்கும் கன்னான் பட்டறை போட்டான். அனுமதி கொடுத்தவர் அமைச்சர் நல்லப்பர். வினை அங்கேதான் வந்தது. நல்லப்பர் பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறவர் எல்லை அதிகாரி வில்லவராயர். "பழைய மணி விரிசல் விட்டது, ஓசை எட்டவில்லை. புது மணி கட்டினால் பட்டறை வரை கேட்கும். ஆகவே அதுவும் ஊர்தான்" என்று உலைக்கு முத்திரை வைத்துவிட்டார்.

தாண்டவன் பிழைப்புத் தேடி மலைநாட்டுக்குப் போனான். "உத்தரவு கெடச்சா சொல்லி அனுப்பு புள்ள, பறந்து வந்துடறேன்" என்றான் மனைவி வெள்ளச்சியிடம்.

மாதங்கள் ஓடின. கஞ்சி ஊற்றும்போது அவள் கை தானாக இரண்டு கலயத்தில் ஊற்றும். அப்புறம் ஒன்றைப் பானையிலேயே கவிழ்ப்பாள். ஏக்கத்தில் பாதியாய் இளைத்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அரசவைக்கே போய் நின்றாள்.

"மகாராஜா, உலையத் தெறந்து விடுங்க. எம் புருசன் வீடு வந்து சேரணும். வேற ஒண்ணும் கேக்கல."

"சட்டம் கண்ணீருக்கு வளையாது!" என்றார் வில்லவராயர்.

"வளைய வேண்டாம்," என்றார் நல்லப்பர். "புது மணியை அடியுங்கள். பட்டறையில் கேட்டால் நானே உலையை இடிக்கிறேன். புது மணி எங்கே, ராயரே?"

"இனிமேல்தான் வார்க்க வேண்டும்."

"நாட்டில் மணி வார்க்கிற உலை எது?"

இருந்ததே ஒரே உலை, ராயர் முத்திரை வைத்த தாண்டவன் உலைதான். ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "மணிக்காக உலை எரியட்டும்! ஓசை கேட்டால் இடி, கேட்காவிட்டால் விடு!"

ஆள் போயிற்று, தாண்டவன் வந்தான். அவன் வார்த்த மணியை ஊரே மெச்சியது. வெள்ளச்சி மட்டும் மெச்சவில்லை. அது நன்றாக ஒலித்தால் அவன் மறுபடி போய்விடுவானே!

சோதனை நாளில் ராஜா பரிவாரத்தோடு பட்டறைக்கு வந்தான். தாண்டவனும் அவனோடு வேலை செய்யும் கன்னார்களும் கைகட்டி நின்றார்கள்.

"ஏனப்பா சும்மா நிற்கிறீர்கள்?" என்றார் நல்லப்பர். "வேலை நடக்கிற பட்டறையில்தானே மணி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்? நடத்துங்கள்!"

பித்தளைக் குடங்கள்மேல் சம்மட்டிகள் இறங்கின. "இது மோசடி!" என்று ராயர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கோவிலில் மணி அடிப்பதற்கு அடையாளமாகக் கொடி ஏறியது.

"மணி கேட்கிறதா, ராயரே?" என்றான் ராஜா.

"என்ன மகாராஜா?" என்று ராயர் காதில் கை வைத்தார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா சம்மட்டிகளை நிறுத்தச் சொல்லி, உலை எரியலாம் என்ற ஓலையில் ராயர் கையாலேயே முத்திரை குத்த வைத்தான். ஆனாலும் அவனுக்குச் சந்தேகம் விடவில்லை. வெள்ளச்சியைக் கூப்பிட்டான்.

"நீ பொய் சொல்லமாட்டாய். உனக்காவது மணி கேட்டதா, அம்மா?"

"இவரு சம்மட்டிச் சத்தம் எப்பக் கேக்குமோன்னு ஏங்கிக் கெடந்த காதுங்க இது, மகாராஜா. அது கேக்கையில வேற எது கேக்கும்?"

ராஜா சிரித்துக்கொண்டே சம்மட்டிகளை மறுபடி அடிக்கச் சொன்னான்.