நாயனக்காரர் சொன்ன ‘போதும்’

"அம்மா, பத்தியம் மட்டும் சொல்லிடாதீங்க. வேற எது சொன்னாலும் செய்றேன்."

கும்பிட்டு எழுந்திருக்கும்போதே சிங்காரம் சொல்லிவிட்டார். எழுந்திருக்கவே தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது, பாவம்.

சிங்காரம் நாயனக்காரர். அந்த வட்டாரத்தில் அவர் வாசிக்காமல் தாலி ஏறாது. கல்யாணம்தான் தொழில், கல்யாணச் சாப்பாடுதான் அன்றாடச் சாப்பாடு. பிறகு உடம்பைக் கேட்பானேன்!

ஓடைக்கரை மடத்துப் பூரணி அம்மா அவரைவிட வயதில் இளையவர். இளம் வயதிலேயே காவி கட்டியவர். பேச்சு கம்மி, சிரிப்பு ஜாஸ்தி. மடத்துக்கு யார் வந்தாலும் தன் கையால்தான் சோறு போடுவார்.

"ஏற்கெனவே பத்தியம் இருந்து பாத்தீங்களா?"

"இருக்காம என்ன? கொள்ளுக் கஞ்சி குடிச்சேன். சுரைக்காயை அரைச்சுக் குடிச்சேன். சோத்தையே விட்டேன். விட்டதுக்கெல்லாம் சேர்த்து அடுத்த முகூர்த்தத்துல வட்டியோட தின்னுட்டேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுன்னு சொல்லுவாங்களே?"

"எல்லாரும் சொல்லுவாங்கம்மா. சொல்லிக்கிட்டே ரெண்டாவது தடவை பாயசம் ஊத்துவாங்க."

சிங்காரம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அம்மாவும் கொஞ்சம் பூசினாற்போல உடம்புதான். கேட்கலாமா கூடாதா என்று அவர் தயங்குவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த உடம்போடதான் தினம் ஓடைக்குப் போய்க் குடம் குடமாத் தண்ணி கொண்டாறேன். எனக்கு இது சரி. உங்களுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

சிங்காரத்தின் முகம் வாடிவிட்டது.

"மூச்சு போயிடுச்சும்மா."

போன வருஷத் திருவிழாவில் சாமி வீதியுலா. மேலவீதி திரும்பும்போது நடந்துகொண்டே வாசித்த சிங்காரத்துக்கு மூச்சு முட்டி, நாயனம் நின்றுவிட்டது. சாமியும் நின்றது. சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். மைத்துனன் வடுகநாதன்தான் தவிலை முழக்கி மானத்தைக் காப்பாற்றினான்.

"இந்த வருஷமும் நின்னா, அடுத்த வருஷத்திலேர்ந்து கீழையூர்க்காரங்க வாசிப்பாங்கன்னு கோயில்ல சொல்லிட்டாங்க. எங்க பாட்டன் முப்பாட்டன் வாசிச்ச வீதிம்மா அது. அந்த வீதியில நான் ஓரமா நின்னு கேக்கிறதா? அதுக்குச் செத்துடலாம்."

அம்மாவின் சிரிப்பு அடங்கியது.

"இங்கே தங்குங்க. பத்தியம் கிடையாது. வேணுங்கிறதைச் சாப்பிடலாம். இலையில மிச்சம் மட்டும் வைக்கக் கூடாது."

சிங்காரத்துக்குச் சந்தோஷம். இப்படி ஒரு வைத்தியமா!

மத்தியானம் இலை போட்டார் அம்மா. ஒரு கரண்டி சோறு வைத்தார்.

"போதும் போதும்மா!" என்றார் சிங்காரம்.

நம் பந்தியில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். போதும் என்றால் இன்னும் ஒரு கரண்டி. போதும் போதும் என்றால் இரண்டு கரண்டி. இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தால், விரல் இடுக்கு வழியாக நெய்யை ஊற்று என்று பொருள்.

அம்மா "சரி" என்று சொல்லி, சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சிங்காரம் சமையலறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. இருந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார்.

ராத்திரி உஷாராகிவிட்டார். வாயைத் திறக்கவே இல்லை.

அம்மா சோறு போட்டார். மறுபடி போட்டார். குழம்பு ஊற்றினார். மறுபடி போட்டார். சிங்காரம் போதும் என்று சொல்லவில்லை, அம்மாவும் நிறுத்தவில்லை. இலையில் சோறு குன்றாகக் குவிந்தது. மிச்சம் வைக்கக் கூடாதே! மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்து, கண்ணில் நீர் வர உள்ளே தள்ளினார். அன்றைக்குத் தூக்கம் ஏது?

மறுநாள் காலையில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"இது நியாயமாம்மா? ஒரு வேளை பட்டினி போடுறீங்க, ஒரு வேளை ஆளைக் கொல்றீங்க!"

"நான் என்ன பண்ணினேன்? நீங்க சொன்னதைக் கேட்டேன். சொல்லாதப்போ சும்மா இருந்தேன்."

"அப்போ எப்பத்தான் போதும்னு சொல்றது? அதையாவது சொல்லிக் கொடுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? வயிறு உங்களோடது." அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் கொஞ்சம் வாசிங்க. கேட்டு நாளாச்சு."

சாயங்காலம் ஓடைக்கரையில் உட்கார்ந்து சிங்காரம் பூர்விகல்யாணி ராகம் வாசித்தார். உட்கார்ந்து வாசித்தால் மூச்சுக்குக் குறைவில்லை. அடடா, அந்த மனுஷன் கையில் என்ன இருந்ததோ! ஓடை நின்று கேட்டது என்றெல்லாம் புளுக மாட்டேன், அது பாட்டுக்கு ஓடியது. ஆனால் அடுப்பில் பால் வைத்ததை அம்மா மறந்துவிட்டார். பால் பொங்கி, அடுப்பே அணைந்துபோனது.

சிங்காரம் வாசிப்பை முடித்து நாயனத்தைத் துடைத்தார்.

"இன்னும் கொஞ்சம் வாசிச்சிருக்கலாமே?" என்றார் அம்மா.

"இல்லம்மா, ராகம் நிறைஞ்சுடுச்சு. இதுக்கு மேல ஒரு பிடி பிடிச்சாலும் கெட்டுப்போயிடும்."

"இத்தனை பிடின்னு கணக்கு உண்டா?"

"கணக்கு வச்சு வாசிச்சா அது சங்கீதமா?"

"பின்னே நிறைஞ்சது எப்படித் தெரியுது? யார் சொல்றா?"

"யாரும் சொல்றதில்லை. காது கொடுத்தா உள்ளேயிருந்து கேக்கும்."

"அப்படியா?" என்றார் அம்மா. "வாங்க, சாப்பிடலாம்."

இலை போட்டார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே சோற்றை அள்ளி இலையில் வைத்தார்.

"ஒரு பிடி," என்றார்.

சிங்காரத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

சோற்றைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஆற அமரச் சாப்பிட்டார்.

"இன்னொரு பிடி வைங்கம்மா."

அம்மா வைத்தார். அதுவும் முடிந்தது. இன்னொன்று கேட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். கையை இலையில் வைத்தபடி உள்ளே காது கொடுத்தார்.

"போதும்மா."

பந்தியில் சொல்கிற குரல் இல்லை அது. மெதுவாக, ஆச்சரியப்பட்ட குரலில் வந்தது. சொல்லிவிட்டுச் சிங்காரம் அழுதார். அம்மா பாத்திரத்தை எடுத்துப் போனார். கோடி கும்பிடு போடலாம் அந்த அம்மாவுக்கு.

சிங்காரம் ஊருக்குத் திரும்பினார். அந்த வருஷமும் கல்யாணங்களுக்குப் பஞ்சமில்லை. வடை, அப்பளம், பாயசம், எதையும் அவர் ஒதுக்கவில்லை. அவர் சட்டையைத்தான் மனைவி இரண்டு தடவை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

திருவிழா வந்தது.

மேலவீதி திரும்பும்போது வடுகநாதன் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். நாயனம் நிற்கவில்லை. வடக்குவீதி தாண்டியது, கோயில் வாசல் வந்தது. கீழையூர்க்காரர்களே வாயைப் பிளந்துகொண்டு கூட நடந்தார்கள். சாமி உள்ளே போகும்வரை வாசித்துவிட்டுத்தான் சிங்காரம் நாயனத்தை உறையில் போட்டார்.

பிறகு பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்த வடுகநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன பத்தியம் அத்தான் இருந்தீங்க? எனக்கும் சொல்லுங்க."

"பத்தியமெல்லாம் ஒண்ணும் இல்லைடா. கேட்டேன், குறைஞ்சுது."

"யாரைக் கேட்டீங்க?"

சிங்காரம் பாயசத்தை ஒரு வாய் குடித்தார். கண் மூடியிருந்தது.

"சும்மா இருடா. இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."