கருவாயனின் ரத்தம்

மருத்துவர் சூசைமேரி கால்நடைக் கல்லூரியில் பூனைகளின் ரத்தத்தை ஆராய்பவர். இர்ஃபான் அவரிடம் ஆராய்ச்சி மாணவன்.

நகரத்துப் பூனைக் காப்பகத்தில் கருவாயன் என்றொரு கடுவன் பூனை இருந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் வைரஸ் பல வருடங்களாக அதன் உடம்பில் குடியிருந்தது. பார்த்தால் தெரியாது. நன்றாகச் சாப்பிடும், வெயிலில் புரளும். காயடித்த சாதுப் பூனை, யாரையும் கடிக்காது. கடியால் பரவும் வைரஸ் என்பதால் மற்ற பூனைகளுக்குத் தொற்றும் பயமும் அதிகமில்லை.

காப்பகத்துக்குத் தனசிங் என்பவர் புதிய நிர்வாகியாக வந்தார். தீராத நோயுள்ள பூனைகளை ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொன்னார். கருவாயனின் ரத்தத்தைச் சோதித்துவந்த இர்ஃபானை அழைத்து, அதன் வைரஸ் என்றைக்காவது போய்விடுமா என்று கேட்டார். போகாது என்றான் அவன். அது உண்மை. அந்த ஒரு சொல்லிலேயே தனசிங் தீர்ப்பை எழுதிவிட்டார்; அன்றைக்கே ஊசி.

இர்ஃபான் கொதிப்போடு சூசைமேரியிடம் வந்தான். நிர்வாகியின் மேல் பாதிக் கோபம், அந்த ரத்தத்தின் மேல் மீதி.

“வைரஸ் புகுந்த செல்லைத் தேடித் தேடிக் கொல்லத்தான் ரத்தத்துல தனி செல்கள் இருக்கே மேடம். இத்தனை வருஷம் கொன்னும் வைரஸ் எங்கேயோ ஒளிஞ்சு பிழைச்சுக்குது. ஜெயிக்க முடியாத செல்கள் எதுக்குச் சண்டை போடணும்?”

சூசைமேரி எழுந்து கார் சாவியை எடுத்தார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கருவாயனை மேசைமேல் பிடித்து வைத்திருந்தார்கள். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. சூசைமேரி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பூனையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

தனசிங் வழியை மறித்தார். குணமாகவே ஆகாத பூனைக்கு எதற்கு இடமும் சோறும், உங்கள் மாணவனே சொல்லிவிட்டானே என்றார். இர்ஃபான் தலையைக் குனிந்துகொண்டான்.

சூசைமேரியின் குரல் உயரவில்லை. பூனையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“அவன் சொன்னது சரிதான். இது உடம்புல இருக்கிற செல்கள் ஜெயிக்கலை. ஆனா ஜெயிக்க முடியலைங்கிறதுக்காக அதுங்க இந்தப் பூனையைக் கைவிடலை. கைவிட்டது நீங்க.”

தனசிங் விலகி நின்றார். இர்ஃபான் முன்னே போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்தான்.