பன்னிரண்டாம் பக்கத்துக் கணக்கு

"ஒரு சங்கத்துக்குத் தலைவனா வந்தவன் முதல்ல என்ன செய்யணும் டீச்சர்?"

தில்லைநாயகம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

"முதல்ல உள்ள வரணும் சார்," என்றாள் செண்பகவல்லி. "மெதுவா. பாப்பா இப்பதான் கண்ணசந்தா."

உத்திரத்துக் கொக்கியில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதை ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. கல்லூரியில் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள்தான். இப்போது பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள். கம்பியை இழுத்தும் கல்லை நசுக்கியும் எது எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற பாடம். பிள்ளை பிறந்ததால் ஏழு மாதமாக லீவில் இருக்கிறாள்.

சங்கத்துப் பெரியவர்கள் முதலில் கேலிக்குத்தான் அவளை டீச்சர் என்றார்கள். பிறகு கணக்கில் எங்காவது மாட்டிக்கொண்டபோதெல்லாம் அவளிடம் வந்தார்கள். வந்து வந்து கேலி போய்விட்டது. பேர் மட்டும் நின்றது.

சங்கம் என்றால் விசையியல் சங்கம். எது எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளையும், எப்போது முறியும் என்று யோசிப்பதே வேலையாக உள்ள இருநூறு பொறியாளர்கள் சேர்ந்து நடத்துவது. தில்லைநாயகம் தலைவராகி மூன்று மாதம் ஆகிறது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுத் தலைவர் தன் முதல் பொதுக்குழுவில் எழுந்து நின்று, சங்கம் எதற்காக இருக்கிறது என்று ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். வேறு யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன்.

"எழுதியாச்சா சார்?"

"எழுதிட்டேன். நீ கேட்டுட்டுச் சொல்லு."

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். விசையியல் அறிவை மேம்படுத்துதல். ஆய்வை ஊக்குவித்தல். இளம் பொறியாளர்களை உலகத் தரத்துக்கு உயர்த்துதல். சமுதாயத்துக்கு அர்ப்பணித்தல்.

செண்பகவல்லி முழுக்கக் கேட்டாள்.

"நல்லாருக்கு சார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

"கிண்டல் பண்ணாத."

"நெசமாத்தான். ஒரு குத்தம் சொல்ல முடியாது. வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் கை தட்டுவாங்க."

"தட்டுவாங்க."

"அப்புறம்?"

அவர் யோசித்தார். "அப்புறம் சாப்பாடு."

அவள் சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை.

"இது எத்தனாவது தடவை எழுதினது சார்?"

"பதினொண்ணு."

தூளி ஆட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்ன உடைஞ்சது?"

"ஒண்ணும் உடையலையே."

"எதுவும் உடையாம ஒரு பக்கத்தை யாரும் பதினொரு தடவை எழுத மாட்டாங்க சார்."

தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நடுவில் வெளுத்துப்போயிருந்தது.

அவள் வாங்கி வாசித்தாள்.

'ஐயா அவர்களுக்கு, நெட்டாங்கரை சத்துணவு அமைப்பாளர் சுடலைவடிவு எழுதிக்கொள்வது. எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்துப் பலகையில் உங்கள் சங்கத்தின் விலாசம் இருக்கிறது. ஐம்பத்து நாலு பிள்ளைகள் தினமும் இதில்தான் பள்ளிக்கூடம் வந்து போகிறார்கள். நடுப்பக்கம் வரும்போது பாலம் தணிந்து எழும்புகிறது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கிறது, வேண்டுமென்றே குதிக்கிறார்கள். எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பாலம் என்றால் இப்படித்தான் இருக்குமா என்று தெரிந்துகொள்ள எழுதினேன். அதிகம் படித்தவள் இல்லை. தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.'

கீழே ஒரு போன் நம்பர்.

"நம்ம கையேட்டைப் பாத்துக் கட்டின பாலமா?"

"ஆமா."

"பன்னிரண்டாம் பக்கமா?"

அவர் தலையாட்டினார்.

சங்கத்தின் சிறுபாலக் கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம் ஓர் அட்டவணை. வாய்க்கால் இத்தனை அடி அகலம் என்றால் இரும்பு உத்திரம் இந்தக் கனத்தில் போடு என்று சொல்லும். என்ஜினீயர் கிடைக்காத ஊரிலும் அதைப் பார்த்துப் பாலம் போட்டுக்கொள்ளலாம். இருபத்திரண்டு வருஷம் முன்னால் அந்த அட்டவணையைப் போட்டவர் தில்லைநாயகம்தான். அதற்காகவே அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அதற்காகவே தலைவராகவும் ஆக்கினார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை.

"திங்கக்கிழமை போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்றார். "யார்கிட்டயும் சொல்லல. வாய்க்கால்ல எறங்கி, கீழ இருந்து பாத்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"கல்லுக்கட்டு மேல உத்திரத்தைச் சும்மா தூக்கி வச்சிருக்காங்க."

"நீங்க?"

"நான் ரெண்டு முனையும் சுவத்துக்குள்ள இறுகப் பிடிச்சிருக்குன்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டேன். அப்படி வச்சுக்கிட்டா கணக்கு அழகா வரும். உத்திரமும் மெலிசாப் போதும்."

"இறுக்கிப் பிடிக்கணும்னு புஸ்தகத்துல எழுதியிருக்கா சார்?"

"இல்ல."

"படத்துல?"

"படத்துலயும் இல்ல. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு மடங்கு வளையுது டீச்சர். ஆபத்துக்குன்னு மிச்சம் வச்சிருந்த தெம்புல பெரும்பகுதி போச்சு. துரு வேற பிடிச்சிருக்கு."

"இந்த ஒரு பாலந்தானா?"

"நமக்குத் தெரிஞ்சு ஏழு."

தெருவில் உப்பு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார்.

"செயலாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அடுத்த பதிப்புல சத்தமில்லாமத் திருத்திரலாங்கறான் சாலமோன். இப்ப வெளிய சொன்னா சங்கத்து மானம் போயிரும், நம்ம புஸ்தகத்தை ஒரு பய தொட மாட்டாங்கறான். அவன் கெட்டவன் இல்ல. சங்கத்துமேல உசிரையே வச்சிருக்கான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

"திங்கக்கிழமை சொன்னீங்களா?"

"ஆமா."

"இன்னைக்கு வியாழன் சார்."

அவர் தரையைப் பார்த்தார். "தலைவன்னா சங்கத்தைக் காப்பாத்தணும்ல டீச்சர்? அதான் வேலை? இல்ல வேற எதுவுமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் பதில் சொல்ல வாய் திறக்குமுன் தூளிக்குள்ளிருந்து அழுகை வந்தது.

குழந்தை நனைத்துவிட்டிருந்தது. தூளியும் சேர்ந்து நனைந்து சொட்டியது. செண்பகவல்லி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு கையால் முடிச்சை அவிழ்த்து, நனைந்த புடவையை வாளியில் போட்டாள். கொடியில் கிடந்த புடவையை உருவி அவரிடம் கொடுத்தாள்.

"நீங்க கட்டுங்க சார். இவ என்னை விட மாட்டேங்கறா."

"நானா?"

"பாரம் தாங்கறதைப் பத்தி எனக்கே பாடம் எடுத்தவர் நீங்கதானே."

அவர் நாற்காலியில் ஏறினார். கொக்கியை ஆட்டிப் பார்த்தார். புடவையை மாட்டினார். இரண்டு தலைப்பையும் சேர்த்து அழகாக ஒரு முடிச்சுப் போட்டார். இறங்கி வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே திருப்தியாக இருந்தது.

"பாப்பா எத்தனை கிலோ?"

"எட்டு."

"இந்தக் கொக்கி இருநூறு கிலோ தாங்கும். புடவை அதுக்கு மேல தாங்கும். தாராளம்."

"அப்பப் போட்டுரலாமா?"

"போடு, போடு."

அவள் பிள்ளையைத் தூளிக்குள் இறக்கினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. பிள்ளையின் முதுகுக்குக் கீழே இரண்டு உள்ளங்கையும் அப்படியே இருந்தன.

"கையை எடுத்துரட்டுமா சார்?"

தில்லைநாயகம் பிள்ளையைப் பார்த்தார். அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுது முடித்த கண்ணில் இன்னும் ஈரம்.

முடிச்சைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை.

"ஒரு நிமிஷம்," என்றார். "தூக்கு. பிள்ளையைத் தூக்கு."

அவள் தூக்கிக்கொண்டாள்.

அவர் கையால் தூளியை இழுத்துப் பார்த்தார். நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். நின்றது. அதுவும் போதவில்லை அவருக்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலைவர் தில்லைநாயகம், எழுபத்தாறு கிலோ, தூளிக்குள் உட்கார்ந்தார்.

அது வழவழவென்ற நைலக்ஸ் புடவை. முடிச்சு ஒரு கணம் யோசித்தது. அப்புறம் தானாக உருவிக்கொண்டது.

தொம்மென்று விழுந்தார்.

பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது.

"ஐயையோ! அடி பட்டுருச்சா சார்?" என்று அவள் பதறி ஓடிவந்தாள். கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முடிச்சு தானாப் பிடிச்சுக்கும்னு நெனச்சுட்டேன்," என்றார் இடுப்பைத் தடவிக்கொண்டே.

"இந்தத் துணி பிடிக்காது சார். ரெண்டு சுத்து சுத்தி, நுனியை உள்ள விட்டு இழுக்கணும்."

அவள் சொல்லச் சொல்ல அவர் மறுபடி கட்டினார். கட்டி முடித்ததும் அவராகவே திரும்பவும் உட்கார்ந்தார். இந்தத் தடவை பயந்து பயந்து, கால் இரண்டையும் தரையிலிருந்து எடுத்து. நின்றது. உட்கார்ந்தபடியே இரண்டு எம்பு எம்பினார். நின்றது.

எழுந்து, "இப்பப் போடு," என்றார்.

அவள் பிள்ளையைப் போட்டாள். கையை எடுத்தாள். தூளி மெல்ல ஆடியது.

"கொக்கி இருநூறு கிலோ தாங்கும்னு கணக்குச் சொன்னீங்க," என்றாள். "அப்புறம் எதுக்கு சார் நீங்க ஏறி உக்காந்தீங்க?"

"என்ன இப்படிக் கேக்கற? குழந்தையாச்சேம்மா..."

சொன்ன வாய் அப்படியே நின்றது.

செண்பகவல்லி அவரைப் பார்க்கவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சுவரில் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும்.

அவர் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போனில் நம்பரை அழுத்தினார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை ஒரு பெண் குரல் எடுத்தது. பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம்.

"சுடலைவடிவும்மாவா? பாலத்தைப் பத்திக் கார்டு போட்டிருந்தீங்களே. நீங்க கேட்டது தப்பே இல்லம்மா. இப்பவே பாலத்துக்கு ரெண்டு பக்கமும் குறுக்க கயிறு கட்டிருங்க. ஒருத்தரும் ஏறக் கூடாது."

"சுத்திப் போனா ரெண்டு மைல் நடக்கணுமே சார், புள்ளைங்க."

"நடக்கட்டும்மா. நான் கிளம்பி வந்துக்கிட்டே இருக்கேன்."

"ஊர்ல கேப்பாங்களே. யார் கட்டச் சொன்னதுன்னு கேட்டா என்ன சொல்ல? நீங்க யாரு, சங்கத்துத் தலைவரா?"

அவர் ஒரு மூச்சு விட்டார்.

"அந்தக் கணக்கைத் தப்பாப் போட்டவன் சொன்னான்னு சொல்லுங்க. பேரு தில்லைநாயகம்."

அந்தப் பக்கம் அவள் என்ன நினைத்தாளோ. "சரிங்கய்யா, இந்தா கயிறு எடுக்கேன்," என்று வைத்துவிட்டாள்.

அடுத்து சாலமோனைக் கூப்பிட்டார்.

"சாலமோன், நான் நெட்டாங்கரைக்குப் போறேன். உத்திரத்துக்கு நடுவுல முட்டுக் குடுக்கணும்."

"சார், என்ன சார் நீங்க! அடுத்த பதிப்பு வரைக்கும் பொறுங்கன்னு காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேனே. தலைவரே போய் வாய்க்கால்ல எறங்கி நின்னா நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்."

"வரட்டும்."

"பொதுக்குழுவுல உங்களை எறக்கிருவாங்க சார்."

"எறக்கட்டும். பன்னிரண்டாம் பக்கம் என் கணக்கு, நானே சொல்லிட்டேன் கார்டு போட்ட அம்மாகிட்ட. இது ஒரு பாலம். மிச்சம் ஆறு இருக்கு சாலமோன். நான் ஒருத்தன் இன்னைக்கு ஒரு ஊருக்குத்தான் போக முடியும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். இல்லை, வைக்கவில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்து மூடும் ஓசை கேட்டது.

"ஊர்ப் பேரைச் சொல்லுங்க சார்," என்றார் சாலமோன். "பேனா எடுத்துட்டேன்."