இருநூறு மில்லி விநாடி

"மூணு மாசமா மல்லுக்கட்டறேன் ஹாஜிரா. இடம் மாறவே மாட்டேங்குது" என்றார் ஞானப்பிரகாசம்.

அவருக்கு ஐம்பத்தோரு வயது. யூ.எஸ்.பி. சிப் வடிவமைப்பில் இருபத்தாறு வருடம். நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை.

ஹாஜிராவுக்கு முப்பத்து நான்கு. ஐந்தாவது மாடியில், சோதனைப் பிரிவு. சிக்கல் தீராதவர்கள் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர்களில் பலர் பாதியிலேயே கிளம்பியும் விடுவார்கள்.

ஹாஜிராவுக்குப் பேச்சு திக்கும்.

யூ.எஸ்.பி. கம்பியின் ஒரு முனை ஏவும். மறுமுனை கேட்கும். ஏவுவது ஹோஸ்ட், கேட்பது டிவைஸ். பழைய சிப்புக்கு ஏவ மட்டுமே தெரியும். புதிய சிப்புக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

கிராம நர்ஸுகள் கையோடு கொண்டுபோகும் இசிஜி கருவிக்கான சிப் அது. இரண்டு கருவிகளை ஒரே கம்பியில் கோத்தால், முதலில் ஒன்று ஹோஸ்ட். பிறகு, கம்பியைக் கழற்றாமலே, மற்றது ஹோஸ்ட் ஆக வேண்டும்.

ஆகவில்லை.

திங்கட்கிழமை இந்த வடிவமைப்பு, சிப் தயாரிக்கும் ஆலைக்குப் போகிறது. சிலிக்கானில் ஏறியபின் திருத்த முடியாது.

"நம்ம சிப் ஹோஸ்டா இருக்கறப்ப," ஹாஜிரா தொடங்கினார், "மில்லி விநாடிக்கு ஒரு தடவை சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கு. அதை நி... நி..."

"நிறுத்தணும்! அதானே?"

ஹாஜிரா பாதி தலையாட்டினார்.

மீதிப் பாதியை ஞானப்பிரகாசம் பார்க்கவில்லை. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி வந்தார். கையில் பேனா. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நிறுத்திட்டேன். அப்பவும் அந்தப் பக்கம் எழுந்து வரலை."

"நிறுத்தின பிறகு கா... கா..."

"கால அளவு! பதில் வரலைன்னா அஞ்சு மில்லி விநாடியில திரும்ப ஆரம்பிக்கற மாதிரி வெச்சிருக்கேன். அதைக் குறைக்கணும், இல்லையா? மூணாக்கிடறேன்."

"இ... இ..."

கதவு சாத்திக்கொண்டது.

மூன்று வைத்தார். மாறவில்லை. இரண்டு வைத்தார். மாறவில்லை. தேநீரை நின்றபடியே குடித்தார். பாதிக் கோப்பையை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினார்.

சனிக்கிழமை மேலாளர் சடகோபன் இரண்டு முறை அழைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா விட்டுடுங்க சார். ஹோஸ்ட் மட்டும் போதும்னு பழைய சிப்பையே அனுப்பிடலாம். இசிஜி கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

ஞானப்பிரகாசம் போனை வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனார்.

ஹாஜிரா கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சை சாதம். ஞானப்பிரகாசம் எதிரே போய் உட்கார்ந்தார்.

"என்னால முடியலைம்மா."



ஹாஜிரா கரண்டியைக் கீழே வைத்தார்.

"கா..."

ஞானப்பிரகாசத்தின் நாக்கின் நுனிக்கு மூன்று வார்த்தைகள் வந்தன. மேஜைக்கடியில் கால் ஆடியது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

"கா... கா..."

யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"காத்திருக்கணும் சார். அந்தப் பக்கம் எழுந்து வர நூ... நூத்தைம்பது மில்லி விநாடி வரைக்கும் ஆகலாம். நீங்க அஞ்சுலயே திரும்பப் பேச ஆரம்பிச்சுடறீங்க. இருநூறு குடுங்க."

"இதை வியாழக்கிழமையே..." என்று தொடங்கினார் ஞானப்பிரகாசம்.

முடிக்கவில்லை.

ஹாஜிரா கரண்டியை எடுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

அன்று மாலை ஞானப்பிரகாசம் இருநூறு வைத்தார். அவர் மேஜைமேல் இரண்டு சோதனைப் பலகைகள். நடுவில் ஒரு கம்பி. இந்தப் பக்கம், ஹோஸ்ட் என்று காட்டும் பச்சை விளக்கு அணைந்தது.

இரண்டு பக்கமும் இருட்டு.

அவர் விரல் தானாகவே ரீசெட் பொத்தானுக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

அந்தப் பக்கம் பச்சை எரிந்தது.

நாற்பது முறை செய்து பார்த்தார். நாற்பது முறையும் எரிந்தது. நாற்பது முறையும் விரல் துடித்தது.

திங்கட்கிழமை காலை, வடிவமைப்பு ஆலைக்குப் போகுமுன், மீட்டிங் ரூமில் எட்டுப் பேர் கூடினார்கள்.

"பிரமாதம் சார்" என்றார் சடகோபன்.

"நானில்லை. ஹாஜிரா."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"அப்படியா! சொல்லுங்க ஹாஜிரா, சொல்லுங்க."

ஹாஜிரா எழுந்தார். துப்பட்டாவைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார்.

"இ... இ..."

"இருநூ..." என்று சடகோபன் எடுத்துக்கொடுக்கப் போனார்.

ஞானப்பிரகாசம் சடகோபனின் மணிக்கட்டின்மேல் கை வைத்தார்.

ஒருவர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஞானப்பிரகாசத்தின் கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

"இ... இந்த ரூம்ல," என்றார் ஹாஜிரா, "ஏசியைக் கொஞ்சம் குறைங்க சார். நாலு வருஷமா கு... குளிருது."